வைரக் கம்பெனியில் நான் ஏற்றிய கற்பூரம்

அண்ணே,

ஐப்பசி பிறந்த வாரம் ஒரு சாயங்காலம் என் கற்பூரத் தட்டைப் பேத்தியின் லேப்டாப்பில் பார்த்தேன். ஒரு பக்கம் விளிம்பு நசுங்கின பித்தளைத் தட்டு. நடுவில் கரி அப்படியே இருந்தது. வெள்ளை மேசைமேல் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். போலீஸ்காரர்கள் பிடித்த பொருளைக் காட்டுவதுபோல் இருந்தது.

நான் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கார்த்திகா நாற்காலியில் இருந்தபடி, எதிரே ஆட்கள் இருப்பதுபோலச் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு சேஃப்டி கிளாஸ் எடுக்கிற பொறுப்பு இந்த வருஷம் அவளுக்கு வந்திருந்தது. எனக்கு அதில் பெருமை. பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டேன், எதிர்வீட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

"இந்த ஒரு தட்டாலதான் நம்ம கம்பெனி ஒரு பெரிய ஆர்டரை இழந்துச்சு. இதை உள்ள கொண்டாந்தது வெளியாள் இல்ல. கேஸ் லைனுக்குப் பொறுப்பா இருந்த நம்ம சேஃப்டி இன்சார்ஜே கொண்டாந்தாரு" என்றாள். அப்புறம் உங்கள் பெயரைச் சொன்னாள். ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்து முழுசாகச் சொன்னாள்.

நீங்கள் கண் மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் உங்களை வைத்துப் பாடம் நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல். என் கையெழுத்து கோணல் என்று உங்களுக்குத் தெரியும். வாசல் நோட்டில் தினமும் அதற்குக் கீழேதானே கையெழுத்துப் போட்டீர்கள். "அஞ்சாங்கிளாஸ் எழுத்துன்னாலும் அடிச்சுத் திருத்தாம எழுதற" என்று ஒருமுறை சொன்னீர்கள். இதையும் அடிக்காமல் திருத்தாமல்தான் எழுதப் பார்க்கிறேன்.

நான் அந்தக் கம்பெனிக்கு வந்தபோது அங்கே என்ன செய்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. கடலூர் சிப்காட் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற இடம் என்றுதான் சிதம்பரத்தில் இருந்தவளுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் வாடையே இல்லை. ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளைச் சுவர், நீளமாக ஒரு நடை, அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக மெஷின்கள். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள்ளே கத்தரிப்பூ நிறத்தில் உருண்டையாக ஒரு வெளிச்சம்.

"உள்ள என்னாண்ணே எரியுது?" என்று கேட்டேன்.

"எரியல. வெளையுது" என்றீர்கள்.

நகம் அளவுக்கு ஒரு வைரத் தகட்டை விதை என்று உள்ளே வைப்பார்கள். கேஸை விட்டுச் சூடு ஏற்றினால் அந்தக் கேஸிலிருக்கிற கரி அதன்மேல் துளித்துளியாகப் படிந்து நாலு வாரத்தில் கல்லாகும். எடுக்கும்போது ஓரமெல்லாம் கரேலென்று அடுப்புக்கரி மாதிரி இருக்கும். அறுத்துத் தேய்த்த பிறகுதான் அது வைரம் என்று நம்பத் தோன்றும். பாதி நகைக்குப் போகும். மீதி சதுரச் சதுரமாகத் தகடாக அறுபட்டு, பெரிய பெரிய கம்ப்யூட்டர்களின் சூட்டை இழுப்பதற்குப் போகும். நகைக்குப் போகிறதைவிடத் தகட்டுக்குத்தான் கெடுபிடி ஜாஸ்தி. நடுவில் ஒரு நிமிஷம் மெஷின் நின்றாலும், நின்ற இடத்தில் கல்லுக்குள் கோடு விழுந்துவிடும். நகையில் அந்தக் கோட்டை யாரும் பார்க்க மாட்டார்கள், தகட்டில் விட மாட்டார்கள்.

கேன்டீனில் சாப்பிடும்போது பரிமாறுகிற பெண் ஒருநாள் கேட்டாள், மெஷினில் செய்த வைரத்துக்குத் தோஷம் உண்டா என்று. எங்கள் பக்கத்தில் வைரம் வாங்கினால் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த மூன்று நாளில் மாடு இளைத்தாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் கல்லைக் கடைக்காரரிடம் திருப்பிவிடுவார்கள். நான் இதைச் சொன்னேன். நீங்கள் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள்.

"மண்ணுக்குள்ள எந்தக் காலத்துலயோ கெடந்து வந்த கல்லுன்னா தோஷம் பாக்கலாம். இது போன மாசம் பொறந்தது. நான்தான் பக்கத்துல நின்னு பால் ஊத்துனேன். இது மேல என்னா தோஷம் இருக்கப் போவுது?"

"நீங்க வேதக்காரரு. உங்களுக்குத் தோஷம் தெரியுமா?" என்றேன்.

"எங்க வீட்ல இருக்காளே உங்க அண்ணி, அவளைக் கேளு. தும்மினா ஒரு தோஷம், இருமினா ஒரு தோஷம்" என்றீர்கள். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து மோர்க்குவளையைக் கவிழ்த்துவிட்டாள்.

எனக்குத் துணி ரூம் வேலை. உள்ளே போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டை, குல்லா, காலுறை எல்லாம் துவைத்து மடித்துக் கொடுக்க வேண்டும். கூடவே வாசல் வேலை. அதுதான் பெரிய வேலை. உள்ளே போகிற ஒவ்வொருத்தரும் என் முன்னால் பையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் போகணும். தீப்பெட்டி, லைட்டர், பீடிக்கட்டு எது இருந்தாலும் என் டப்பாவில் போடணும். அதை நோட்டில் எழுதணும். மெஷினுக்குப் போகிற கேஸில் ஒன்று தீ பட்டால் வெடிக்கிற கேஸ். நீங்கள் அதை எனக்கு ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தீர்கள்: "கேஸ் கண்ணுக்குத் தெரியாது, அதனால நெருப்பைத்தான் நாம கண்ணுல வச்சிக்கணும்."

மேனேஜரே வந்தாலும் நான் விட்டதில்லை. பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு பெரிய மனுஷர் விலை உயர்ந்த லைட்டரைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். நான் கதவைச் சாத்திவிட்டேன். நீங்கள் ஓடி வந்து அவரிடம், "சார், இந்த அம்மாவை நான்கூட தாண்ட முடியாது" என்றீர்கள். அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை. இந்தப் பெருமையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது எவ்வளவு கேவலம் என்று தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் கார்த்திகா வந்து சேர்ந்தாள். மகனும் மருமகளும் திருப்பூரில் இருந்ததால் பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் என்னிடம்தான் வளர்ந்தாள். சிதம்பரத்திலேயே இன்ஜினீயரிங் படித்தாள். கம்பெனியில் ஒரு வருஷம் டிரெய்னிங், அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம். எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளத்துக்குப் பேண்ட் சட்டை போட்டு மெஷின் முன்னால் நின்ற முதல் பெண் அவள். நான் வாசலில் உட்கார்ந்து என் பேத்தியின் பையையும் தட்டிப் பார்த்தேன். "என்னையுமா ஆயா?" என்றாள். "உன்னைத்தான் முதல்ல" என்றேன்.

அந்த வருஷம்தான் தகட்டுக்கு அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு மெஷின் கார்த்திகா பொறுப்பு. ஆயுத பூஜை வந்தபோது மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கனவில்கூட அழுத்தம், சூடு என்று உளறினாள்.

ஆயுத பூஜைக்கு நீங்கள் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டீர்கள். பூசணி உடைப்பது, கற்பூரம், ஊதுவத்தி எல்லாம் கேட்டுக்கு வெளியே வேன் ஷெட்டில். உள்ளே சந்தனம் குங்குமம்கூடக் கிடையாது, தூள் பறந்தால் ஆகாது. நான்தான் தர்க்கம் செய்தேன்.

"வேனுக்குக் காட்டுறீங்க, தள்ளுவண்டிக்குக் காட்டுறீங்க. சோறு போடற மெஷினுக்குக் கெடையாதா? எங்க ஊர்ல மம்புட்டியக்கூட விடமாட்டோம்ணே."

"சாமி செவுத்தைத் தாண்டிப் பாக்கும்மா. நீ தாண்டாத."

நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனசில் ஒப்பவில்லை.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு எல்லாரும் ஷெட்டில் இருந்தார்கள். பொரி, கடலை, சுண்டல் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மெஷின்கள் தன்னால் ஓடிக்கொண்டிருந்தன. மேல்மாடி அறையிலிருந்து இரண்டு பேர் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூஜைக்கு என் வீட்டுத் தட்டைத்தான் கொண்டுபோயிருந்தேன். பூஜை முடிந்ததும் அதைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு துணி ரூம் வழியாக நடைக்குப் போனேன். என்னைத் தட்டிப் பார்க்க வாசலில் ஆள் இல்லை. அந்த ஆளே நான்தானே.

கார்த்திகாவின் மெஷினுக்கு நேராகக் கண்ணாடி முன்னால் நின்றேன். உள்ளே போகவில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு வில்லை. ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினேன். என் பேத்தி கையால் விளைகிறது நல்லபடியா வரணும் என்று கும்பிட்டேன். கற்பூரப் புகை கறுப்பாக ஒரு நூல்போல நேரே மேலே போனது. மேலே என்ன இருக்கிறது என்று நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

சைரன் அடித்தது. எங்கேயோ டப் டப் என்று கேஸ் வால்வுகள் தானாக மூடிக்கொண்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊதா வெளிச்சம் ஒவ்வொன்றாக அணைந்தது. கார்த்திகாவுடைய மெஷின் நான்காவதாக அணைந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை.

நீங்கள் ஷெட்டிலிருந்து ஓடி வந்தீர்கள். நெற்றியில் யாரோ வைத்துவிட்ட சந்தனம் இருந்தது.

"நீயா?" என்றீர்கள்.

"ஒரு வில்லைதாண்ணே" என்றேன்.

தட்டை என் கையிலிருந்து வெறுங்கையால் பிடுங்கினீர்கள். பக்கத்து வாளியிலிருந்த ஈரத்துணியைப் போட்டு அமுக்கினீர்கள். அப்புறம் என்னைத் திட்டுவீர்கள் என்று நின்றேன். திட்டவில்லை. படபடவென்று நாலு வார்த்தை சொன்னீர்கள்.

"பொண்ணு டிரெய்னிங்ல இருக்கு. உம் பேரு வந்தா அது பேரும் வரும். துணி ரூமுக்குப் போ. வாயத் தொறக்காத."

நான் போனேன்.

இந்த இரண்டு சொல்லை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். மேனேஜர் வந்தார், ஆட்கள் வந்தார்கள். நான் துணி ரூமில் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்டது. "நாந்தான் சார். மெஷினுக்கும் ஒரு தடவ காட்டிடலாம்னு நெனச்சேன்." மாதா கோயிலுக்குப் போகிற மனுஷர் கையில் கற்பூரத் தட்டு எப்படி வந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லாச் சாதி சனமும் சேர்ந்து கும்பிடுகிற நாள், யார் கையிலும் இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த நடையில் அப்போது கேமராவும் கிடையாது. அதற்குப் பிறகுதான் வைத்தார்கள்.

மெஷின்களை மறுபடி ஓட்ட இரண்டு நாள் ஆனது. விளைந்து வந்த கல்லை விளக்குக்கு அடியில் வைத்துக் கார்த்திகா எனக்குக் காட்டினாள். மூன்றாவது வாரம் முடிகிற இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. எல்லாக் கல்லிலும் ஒரே இடத்தில். ஆர்டர் போய்விட்டது. உங்கள் வேலையும் போய்விட்டது. தட்டைக் கம்பெனியே வைத்துக்கொண்டது. "அவரு இப்படிப் பண்ணுவாருன்னு யாருமே நெனைக்கல ஆயா" என்று கார்த்திகா சொன்னாள். நான் "ம்" என்றேன்.

பிறகு உங்களை இரண்டு தடவைதான் பார்த்தேன். முதல் தடவை நானே தேடி வந்தேன், கடலூர் முதுநகரில் நீங்கள் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்த கல்யாண மண்டபத்துக்கு. பந்தல்காரர்களோடு ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்லிவிடுகிறேன் அண்ணே என்றேன். "பொண்ணுக்கு வேலை நிரந்தரமாவட்டும். அப்புறம் உன் இஷ்டம்" என்றீர்கள். இரண்டாவது தடவை கடலூர் பஸ் ஸ்டாண்டில். அப்போது கார்த்திகாவுக்கு வேலை நிரந்தரமாகி நாலு மாசம் ஆகியிருந்தது. நானும் முட்டி வலி என்று சொல்லி வேலையிலிருந்து நின்றிருந்தேன். நீங்கள் மெலிந்திருந்தீர்கள். "பொண்ணு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டீர்கள். "நல்லா இருக்கு, நிரந்தரமாயிடுச்சு" என்றேன். "நல்லது" என்றீர்கள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். நான் சிதம்பரம் பஸ் வந்துவிட்டது என்று ஓடி ஏறினேன். அது பரங்கிப்பேட்டை பஸ். பாதியில் இறங்கி மாறினேன்.

உங்கள் சாவுக்கு வந்தேன். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெளியே வரும்போது அண்ணி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "முப்பது வருசம் கெமிக்கல் கம்பெனி, வைரக் கம்பெனின்னு இருந்தும் ஒரு சொல்லு வாங்காத மனுசன். கடைசில ஒரு கற்பூரத்தை ஏத்தி மானத்தை வாங்கிக்கிட்டாரு." எனக்குக் காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன். கீரையை வைத்துவிட்டு எழுந்து லேப்டாப்பைக் கிட்டே போய்ப் பார்த்தேன். தட்டின் விளிம்பில் ஓர் இடம் மட்டும் புகை படிந்த மாதிரி மங்கலாக இருந்தது.

"இங்க ஏன் இப்படி இருக்கு?"

"எங்க ஆயா?"

"தோ, விளிம்புல."

"போட்டோ அப்படித்தான்."

"போட்டோ அப்படி இல்ல. அங்க உங்க தாத்தா பேரு வெட்டியிருக்கும். கல்யாணத்துல வந்த பாத்திரம் எல்லாத்துலயும் வெட்டியிருக்கும்."

கார்த்திகா லேப்டாப்பை மூடினாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றேன்.

"ரெண்டு மாசம் முன்னாடி. பழைய ஸ்லைடு எங்கைக்கு வந்துச்சு. பெருசு பண்ணிப் பாத்தேன். நான்தான் அந்த எடத்தை மறைச்சேன்."

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உன் வேலைக்காக."

"நானும் அதுக்குத்தான்னு வச்சுக்கோ" என்றாள்.

என் பேத்தி என்று ஊரெல்லாம் சொன்னேனே, சரியாக என் பேத்திதான்.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். கிளாஸில் உங்கள் பெயரை எடுத்துவிடுவது, "ஒருத்தர்" என்று சொல்லிவிடுவது. இரண்டு நாள் அவள் அப்படியே பழகினாள். "ஒருத்தர் இந்தத் தட்டைக் கொண்டாந்தாரு." அந்த ஒருத்தர் யாரென்று கம்பெனியில் கேட்டைத் திறக்கிறவருக்கும் தெரியும். பெயரை எடுத்தாலும் பழி உங்கள்மேல்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கம்பெனி வேனில் நானும் ஏறினேன். கார்த்திகா நகர்ந்து இடம் விட்டாள்.

மேனேஜர் அறையில் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. அப்புறம் ஏதோ நினைப்பு வந்தவர்போல, "சரிதான், அவரு கிறிஸ்டியன் இல்ல?" என்றார். ஐந்து வருஷம் கழித்து.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? ஸ்லைடை எடுத்துடறோம்" என்றார்.

"எடுக்காதீங்க. அவரு பேரையும் எடுக்காதீங்க. எம் பேரைச் சேத்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. இல்லன்னா நானே சொல்றேன்."

நானே சொல்லும்படி ஆனது. பதினைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. "இது எங்க வீட்டுத் தட்டு. நாந்தான் ஏத்துனேன். வாசல்ல நெருப்பைப் புடுங்கி வைக்கிறவளே நாந்தான். அந்த மனுசன் எங்கையிலருந்து புடுங்கி அணைச்சாரு, பழியையும் புடுங்கிக்கிட்டாரு" என்றேன். ஒரு பெண் கையைத் தூக்கி, "அப்ப சாமியே கும்பிடக் கூடாதாம்மா?" என்றாள். "நல்லாக் கும்பிடு. கேட்டுக்கு வெளிய நின்னு கும்பிடு" என்றேன். சிரித்தார்கள். கார்த்திகா சிரிக்கவில்லை. படத்தில் பெயரை மறைத்ததை மேனேஜரிடம் அவளே சொல்லியிருந்தாள். தெரிந்தும் மறைத்ததற்காக அந்தக் கிளாஸை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கண்டித்து ஒரு கடிதமும் கொடுத்தார்கள். அதை அவள் மடித்து அலமாரியில் வைத்தாள். என்னோடு ஒரு வாரம் அளந்து அளந்துதான் பேசினாள்.

கம்பெனியில் சொல்வது சுலபம் என்று முதுநகருக்குப் போன பிறகு தெரிந்தது. அண்ணி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பூனை ஒன்று கிட்டே காத்திருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். அண்ணி கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஒரு மீனை முழுசாக ஆய்ந்து முடித்தார்கள்.

"நான் அவரை எவ்வளோ பேசியிருக்கேன்னு தெரியுமா உனக்கு?" என்றார்கள். "கெளம்பிப் போம்போது பேசுவேன், வரும்போது பேசுவேன். மண்டபத்துல ராத்திரி காவல் காத்துட்டு வர்ற மனுசன்கிட்ட, ஒரு தீக்குச்சிக்கு அறிவு இல்லாதவருன்னு சொல்லுவேன். ஒரு நாளாவது வாயத் தொறந்தாரா? ஆமாம்மா, தப்புதாம்மான்னு சொல்லிட்டுச் சோத்தைப் போடச் சொல்லுவாரு."

அண்ணி அடுத்த மீனை எடுத்தார்கள்.

"உங்கிட்டயாவது அவரு கோவப்பட்டாரா?"

"இல்ல அண்ணி."

"யாருகிட்டதான் பட்டாரு" என்றார்கள். மீன் செதிலை முறத்திலிருந்து தட்டினார்கள். "மன்னிப்பு கேக்கறதா இருந்தா எங்கிட்ட கேக்காத, எனக்கே அவருகிட்ட கேக்க வேண்டியது நெறைய கெடக்கு. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் வருவாங்க. பொண்ணு, மாப்பிள்ள, அவரு தம்பிங்க, பங்கு ஆளுங்க. அவரை ஏளனம் பண்ணுனவங்க எல்லாம் வருவாங்க. அங்க வந்து சொல்லு."

போன வாரம் வந்தேன் அண்ணே. கார்த்திகாவும் வந்தாள், கூப்பிடாமலே. மழை விட்டுச் சேறாக இருந்தது. உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துச் செவ்வந்தி வைத்திருந்தார்கள். சாமியார் மந்திரித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனதும், அண்ணி எல்லாரையும் நிற்கச் சொல்லி என்னைக் காட்டி, "இவங்க ஒண்ணு சொல்லணும்ங்கறாங்க" என்றார்கள்.

சொன்னேன். நாலாவது தடவை சொல்வதால் தடுமாறவில்லை. அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் தம்பி ஒருத்தர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. உங்கள் மகள் மட்டும் கேட்டாள். உங்களை நான் அண்ணே என்றதால் என்னை அத்தை என்றுதான் அவள் கூப்பிட்டாள்.

"ஏன் அத்தை, அப்பா உசுரோட இருக்கறப்பவே சொல்லல?"

பேத்தி வேலைக்காக என்று வாயில் வந்தது. அதைத்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பக்கத்தில் கார்த்திகா நின்றாள். அவளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"மொத வருசம் பேத்தி வேலைக்காகச் சொல்லலம்மா. அது நெசம். அதுக்கப்புறம் அவ வேலை நிரந்தரமாயிடுச்சு. மத்த வருசமெல்லாம் என் மானத்துக்காகச் சொல்லல" என்றேன்.

உங்கள் மகள் தலையை ஆட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

பாரம் இறங்கியது என்றும் எழுத மாட்டேன், இறங்கவில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்தது ஒரு வருஷம். நான் எடுத்துக்கொண்டது உங்கள் மிச்ச ஆயுள். பஸ் ஸ்டாண்டில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அது நான் சொல்வேன் என்று கொடுத்த நேரம் என்று இப்போது தோன்றுகிறது. சும்மாவும் பார்த்திருக்கலாம். கேட்க ஆள் இல்லை.

வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் சேரும்போது வந்து சொல்லச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பியிருக்கிறார். கால் நடக்கிறவரை போவேன். தட்டைப் பற்றியும் சொல்வேன், கல்லில் விழுந்த கோட்டைப் பற்றியும் சொல்வேன். உங்கள் மகளுக்குச் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொல்வேன், யாரும் கேட்காவிட்டாலும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி